மகாபொல போக மீதி?

கன்னங்கரா 1945 இல் கொண்டுவந்த இலவசக் கல்வியைப் பெருமையோடு பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆயினும் பேராதனைக்குத் தெரிவான யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு விரிவுரைதான் இலவசம். அறை வாடகையும் சாப்பாடும் பஸ் காசும் அல்ல. 1981 இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியத்தின் மாதக் கொடுப்பனவு, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. நாளுக்கு 250 ரூபாய். மூன்று வேளை உணவுக்குப் போதுமா என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றின் உதவிக் கடிதத்தில், விடுமுறையில் உழைத்து மாணவர் செலுத்த வேண்டிய பங்கு இவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். நம்மிடம் அந்த வரி இல்லை. பங்கு மட்டும் இருக்கிறது. அது அம்மாவின் சங்கிலியாக, கனடா மாமாவின் காசாக வந்து சேர்கிறது. மாமா இல்லாத வீடுகளும் உண்டு.

அனுமதிக் கடிதத்தோடு, குடும்பம் மாதந்தோறும் ஏற்கவேண்டிய தொகையைக் குறித்து ஒரு தாளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுப்பினால் என்ன?