படங்கள் கொம்யூனுக்கு வரட்டும்

முகப்படமும் நிலக்காட்சியும் புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்களில் உள்ள நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. வில்லியனூர் பைபாஸிலும் பாகூர் கடைத்தெருவிலும் எங்கே திரும்பினாலும் பேனர்தான். காதணி விழாப் பிள்ளை, மஞ்சள் நீராட்டுப் பெண், கண்ணீர் அஞ்சலியில் ஒரு தாத்தா. ஆயுசு முழுக்க வயலில் நின்று கறுத்த அந்தத் தாத்தாவின் முகம் பேனரில் ரோஜா நிறத்துக்கு வந்துவிடுகிறது. நெற்றிச் சுருக்கமும் கன்னக்குழியும் அழிந்துபோகின்றன. முதுகுக்குப் பின்னால் பனிமலையும் அருவியும் நிற்கின்றன. அவர் தண்ணீர் பாய்ச்சிய பாகூர் ஏரி எங்கும் இல்லை. பேனர் வைத்த குடும்பத்தின் மேல் நமக்கு வருத்தமில்லை. தன் மனிதரின் முகம் பெரிதாக ஊர்முன் நிற்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அந்த ஆசைக்கு வேறொரு படத்தைக் காட்ட இதுவரை யாரும் இந்தப் பக்கம் வரவில்லை என்பதே நம் வருத்தம்.

அப்படி வேறொரு படத்தை வரைந்தவர்கள் நம்மிடம் உண்டு. துறையூர் அருகே கீராம்பூரில் 1938இல் பிறந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியை வரைய உட்கார்ந்தார். பேனாவும் கறுப்பு மையும்தான் கருவி. இளைஞர் காந்தியிலிருந்து பொக்கைவாய்க் கிழவர் வரை நூறு அளவுக்குக் கோட்டோவியங்கள் பிறந்தன. அவற்றில் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்த்தால் முகமே தெரியாது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகள், சில இடங்களில் அடர்ந்து இருட்டிக் கிடக்கும், சில இடங்களில் தாளை வெறுமையாக விட்டுவிடும். நாலடி பின்னால் நகர்ந்தால் அந்த வெறுமை வழுக்கைத் தலையாகி ஒளிர்கிறது, அடர்ந்த இடம் தாடைக்குக் கீழே தொங்கும் சதையாகிறது. பேனர்க்காரர் எதை அழிக்கிறாரோ அந்தச் சுருக்கத்தைக் கொண்டே ஆதிமூலம் முகத்தைக் கட்டினார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் 1979இல் பிறந்து, 2021 கொரோனாவில் நாம் பறிகொடுத்த ஓவியர் எஸ். இளையராஜா எண்ணெய் வண்ணத்தில் வேறு வழியில் போனார். அடுப்படியிலும் திண்ணையிலும் இருக்கும் கறுத்த பெண்களின் தோலில் சன்னல் வெளிச்சம் விழும் விதத்தை அத்தனை பொறுமையோடு வரைந்தார். இருவர் பாணிக்கும் சம்பந்தமில்லை. நம் நிறத்தை மாற்றாமல் நம்மைப் பார்த்தவர்கள் என்பதால்தான் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம்.

ஆதிமூலத்தைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தவை இதழ்கள். ‘நடை’, ‘கசடதபற’ காலத்திலிருந்தே அவருடைய கோடு சிற்றிதழ்களில் ஓடியது. பிறகு எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது, கரிசல் சம்சாரிகளின் முகங்களை அவர் கோட்டில்தான் வாசகர்கள் கண்டார்கள். அந்தக் கி.ரா. பின்னாளில் புதுச்சேரிக்கே குடிவந்து, 2021 மே மாதம் இங்கேதான் காலமானார். மலிவான காகிதத்திலும் கறுப்புக் கோடு தாக்குப்பிடிக்கும். அதனால் இதழ்களே அந்த ஓவியங்களுக்குக் கண்காட்சிக் கூடமாகிவிட்டன.

ஆனால் எழுபதுகளில் ஆதிமூலம் வண்ணத்துக்குள் போனார். பெரிய கேன்வாஸ்களில் கத்தியால் அப்பிய எண்ணெய் வண்ணம். மரமில்லை, வீடில்லை, தொடுவானக் கோடுகூட இல்லை. ஆனாலும் அது நிலம்தான் என்று கண்ணுக்குத் தோன்றுகிறது. மண்ணும் தண்ணீரும் வானமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. வண்ணத்தின் கனம் அச்சில் ஏறாது, கைப்பேசித் திரையிலும் தெரியாது. 2008 சனவரியில் அவர் மறையும்வரை வரைந்த இந்த நிலங்களைப் பார்க்க ஒரே வழி, படத்தின் முன்னால் நேரில் நிற்பதுதான். சிற்றிதழால் ஆகாத காரியம் இது. சிற்றிதழ்க்காரர்களான நாமே இதைச் சொல்லியாக வேண்டும்.

நேரில் நிற்க எங்கே போவது? கண்காட்சிகள் புதுச்சேரி நகரத்துக்குள், கடற்கரையை ஒட்டிய வீதிகளில் நடக்கின்றன, இல்லையென்றால் ஆரோவில்லில். பாகூரிலிருந்து பேருந்தில் போய்விடலாம்தான். ஆனால் நடவு முடித்த காலோடு அந்த வாசற்படியை மிதிக்க நம் பெண்களுக்குத் தயக்கம் இருக்கிறது. அழைப்பிதழும் அவர்களுக்கு வருவதில்லை. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. அங்கே ஓவியம் படித்த பிள்ளையின் படத்தை அவனைப் பெற்றவர்களே சுவரில் மாட்டிப் பார்க்காத வீடுகள் நம் கிராமங்களில் உண்டு.

“ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்ற பேச்சை நாம் ஏற்கவில்லை. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த மண்ணைப் பிசையும் வி.கே. முனுசாமிக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அய்யனார் குதிரையின் கழுத்து வளைவு சரியில்லையென்றால் நேர்த்திக்கடன் செலுத்துகிற குடியானவரே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். பார்க்கத் தெரிந்த கண் அது. ஒரு கேன்வாஸ் முன்னால் மட்டும் அது குருடாகிவிடாது.

ஊருக்குப் பழக்கமில்லாத காரியமும் இல்லை. பல்லவன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்டதைச் சொல்கிறது. படிப்புக்கு ஊர்களையே எழுதிவைத்த இடத்தில், பத்துநாள் படம் மாட்ட ஒரு கூடம் கிடைக்காமல் போகாது. நம் காலத்திலேயே நடமாடும் நூலக வண்டி புத்தகத்தைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது. படத்துக்கும் ஒரு வண்டி போதும்.

முதல் கண்காட்சிக்கு வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கத்தைத் தொட்டு இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கும் தேர் அது. அந்த வாரத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க வில்லியனூரில்தான் இருக்கும். அரசுப் பள்ளி ஒன்றின் கூடத்தில் சன்னல்களைத் திறந்துவைத்து, பகல் வெளிச்சத்தில் முகப்படங்களை ஒரு பக்கமும் நிலக்காட்சிகளை மறுபக்கமும் மாட்டலாம். ரிப்பன் வெட்டு வேண்டாம், சால்வை வேண்டாம். படம் வரைந்தவர் பக்கத்தில் நின்று, கேட்பவருக்குப் பதில் சொன்னால் போதும். அடுத்த முறை பாகூரில் வைக்கலாம்.

ஓவியர்களே, உங்கள் படங்களில் இரண்டை மட்டும் தாருங்கள். பல்கலைக்கூட ஆசிரியர்களே, கடைசி ஆண்டு மாணவர்களை அனுப்புங்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர்கள் கூடத்தின் சாவியைப் பெற்றுத் தந்தால் ஆணி அடிப்பதிலிருந்து இரவுக் காவல்வரை இந்த இதழின் நண்பர்கள் பார்த்துக்கொள்வோம். வாசகர்களில் இடமோ வண்டியோ வைத்திருப்பவர்கள் தேரோட்டத்துக்கு முன்பே எங்களுக்கு எழுதுங்கள்.