மொட்டைப் பனையை விட்டு வையுங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் வேம்பும் புங்கனும் பூக்கத் தொடங்கும். பூவைத் தேடித் தேனீயும் தேன்சிட்டும் வரும். அதே நாட்களில், மின்கம்பியில் தனியே உட்கார்ந்திருக்கும் பனங்காடை திடீரென மேலெழும்பி, நீலச் சிறகு பளிச்சிடக் குட்டிக்கரணம் போட்டு இறங்கும். அது இணை தேடும் ஆட்டம்.

மார்ச் முதல் ஜூன் வரை அதற்கு இனப்பெருக்கக் காலம். மரப்பொந்துதான் அதன் வீடு; மானாவாரிக் காடுகளில் பெரும்பாலும் தலை போன பனை. வெட்டுக்கிளியும் வண்டுமே அதன் முக்கிய உணவு. 'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கை, இப்பறவை வெகுவாகக் குறைந்துவருவதாக எச்சரிக்கிறது.

பச்சைப் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. மொட்டைப் பனைக்காக மட்டும் யாரும் பேசுவதில்லை. கோடையில் வரப்பைச் சீர்செய்யும்போது, 'பட்டுப்போனதுதானே' என்று சாய்த்துவிடுகிறோம். உள்ளே குஞ்சு இருந்தால் அதுவும் போய்விடும்.

வீட்டுக்கோ மின்கம்பிக்கோ ஆபத்தான மரத்தை அகற்றத்தான் வேண்டும். மற்றதை வெட்டியே தீர வேண்டுமென்றால் ஆடி வரை பொறுக்கலாமே! நிலக்கடலை, பருத்தி வயல்களில் ஏக்கருக்கு 20 பறவைத் தாங்கிகள் நட்டால், கரிச்சானும் வந்து அமர்ந்து புழு பொறுக்கும்.

பறவைத் தாங்கி நடச் சொல்லும் வேளாண் அலுவலர்கள், பறவை குஞ்சு பொரிக்கும் மரத்தையும் காக்கச் சொல்ல வேண்டும். பறவையே இல்லாவிட்டால் தாங்கி எதற்கு?