மலிவு பெடல் மீது விழும் பழி

விலை குறைந்த கிட்டார் பெடல் வாங்குவது பணத்தை வீணாக்குவது என்ற கருத்து சென்னை இசைக்கலைஞர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வேளச்சேரி அடுக்குமாடி வீட்டில் இரவு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பயிற்சி செய்யும் ஐ.டி. ஊழியரானாலும், ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் கல்லூரி மாணவரானாலும், முதல் பெடல் பற்றிக் கேட்டால் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: பொறுத்திருந்து, பணம் சேர்த்து, பெரிய பிராண்டாக வாங்க வேண்டும். மலிவு பெடலில் பாகங்கள் மட்டம், இரைச்சல் தாங்காது, ட்ரூ பைபாஸ் இருக்காது, மிக்சரில் செருகினால் காது கூசும், சீக்கிரம் உடையும் என்று காரணங்கள் அடுக்கப்படும். இவற்றில் கடைசிக் காரணத்தில் மட்டும் ஓரளவு உண்மை இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் பெடலுக்கு வெளியே இருக்கும் குறைகள்: அடாப்டர், கேபிள், சுவரில் உள்ள பிளக் பாயின்ட், ஸ்பீக்கர். அவற்றைச் சரிசெய்யாமல் இருபதாயிரம் ரூபாய்க்குப் பெடல் வாங்கினாலும் அதே குறைகள் தொடரும்.

பாகங்கள் பற்றிய குற்றச்சாட்டு, பெடலின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் நிற்காது. உலகில் அதிகம் நகலெடுக்கப்பட்ட ஓவர்டிரைவ், ஐபனீஸ் நிறுவனம் 1970களின் இறுதியில் வெளியிட்ட டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்808. அதன் ஒலிப் பாதையில் முக்கியமாக இருப்பவை 4558 வகை ஐசி ஒன்று, இரண்டு சிலிக்கான் டயோடுகள், இரண்டு டிரான்சிஸ்டர்கள், சில ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர்கள். ஐசி ஒலியைப் பெருக்குகிறது. பெருகிய ஒலி ஏறத்தாழ 0.6 வோல்ட்டைத் தாண்டும்போது டயோடுகள் கடத்தத் தொடங்கி, அலையின் உச்சியை மழுக்குகின்றன. 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைக்கின்றன. அதனால் கீழ் ஸ்வரங்கள் கலங்காமல் நிற்க, நடு ஸ்தாயி முன்னே வருகிறது. டியூப் ஸ்க்ரீமரின் புகழ்பெற்ற குணம் என்பது இவ்வளவுதான். இந்த மதிப்புகள் எதுவும் ரகசியமில்லை. பெரிங்கரின் டிஓ800, ஜோயோவின் விண்டேஜ் ஓவர்டிரைவ் ஆகிய மலிவு பெடல்கள் இதே சர்க்யூட்டைப் பின்பற்றியவை. 4558 ஐசியும் அந்த டயோடுகளும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சாதாரணப் பாகங்கள். விலையுயர்ந்த பெடலில் இருப்பவையும் இந்த வகைதான்.

ரெசிஸ்டரின் துல்லியம் 5 சதவீதமா, 1 சதவீதமா என்பதும் விவாதத்தில் வரும். குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டர், நல்ல நிறுவனத்தின் பெடலிலும், 20 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். ஆகவே ஒரே மாடலின் இரண்டு பெடல்கள்கூட ஒரே குமிழ் நிலையில் சற்று வேறாக ஒலிக்கும். குமிழை மயிரிழை திருப்பினால் தீரும் வித்தியாசத்துக்குப் பல ஆயிரம் கொடுக்கத் தேவையில்லை.

உயர்ந்த பாகம்தான் உயர்ந்த ஒலி தரும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கருவியின் பிறப்பே எதிர்ச்சாட்சி. 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் ஒரு பாடலில் கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் தனிப்பகுதி, நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தின் பழுதான சேனல் வழியாகப் போய் கரகரத்துப் பதிவானது. அந்தக் கரகரப்பைச் சர்க்யூட்டாக்க ஒலிப்பொறியாளர் க்ளென் ஸ்னாடி முயன்றார். அதிலிருந்து வந்ததே 1962இல் கிப்ஸன் விற்ற மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாடிஸ்ஃபேக்‌ஷன்’ அதை உலகறியச் செய்தது. டிஸ்டார்ஷன் என்ற இசை வளமே ஒரு பழுதிலிருந்து வந்தது.

டிலே பெடல்களிலும் நிலைமை இதுவே. தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி தயாரித்த பிடி2399 என்ற ஐசி, கரோக்கி கருவிகளில் குரலுக்கு எக்கோ கொடுப்பதற்காக வந்தது. மலிவு டிலேக்களில் அதுவே இருக்கிறது. கையால் செய்யப்பட்டு விலை ஏறிய பல டிலேக்களிலும் அதுவே இருக்கிறது. ஏறத்தாழ 340 மில்லி விநாடிக்கு மேல் இழுத்தால் எதிரொலி மங்கி, இரைச்சல் கூடும். இது அந்த ஐசியின் இயல்பு. அதன் எல்லைக்குள் பயன்படுத்தினால் இரண்டு விலைக்கும் ஒலியில் பெரிய தூரம் இல்லை.

விலையில் நியாயமே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மும்பையின் அனிமல் ஃபேக்டரி ஆம்ப்லிஃபிகேஷன் போன்ற சிறு பட்டறைகள் சொந்தமாகச் சர்க்யூட் வடிவமைத்து, குறைந்த எண்ணிக்கையில் செய்து விற்கின்றன. அங்கே கொடுக்கும் பணம் சிந்தனைக்கும் உழைப்புக்கும் உரியது, கொடுக்கத் தகுந்தது. ஊரறிந்த சர்க்யூட்டின் இன்னொரு நகலுக்கு அதே விலை கொடுப்பது வேறு.

அடுத்தது இரைச்சல். மலிவு பெடலை வெறுத்து ஒதுக்கியவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் இதுவே. மிகத் தவறாகக் கணிக்கப்படும் காரணமும் இதுவே. மேலே சொன்ன ஓவர்டிரைவ் சர்க்யூட்டில் டிரைவ் குமிழை முழுதாகத் திருப்பினால் பெருக்கம் ஏறத்தாழ 118 மடங்கு. குமிழ் அடியில் இருந்தாலும் 12 மடங்கு. கிட்டார் பிக்கப் அறையிலிருந்து எதை வாங்கினாலும் அதுவும் அத்தனை மடங்கு பெருகும். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டாரைப் பிடித்துக்கொண்டு ஃபேன் ரெகுலேட்டர், எல்.இ.டி. விளக்கு, லேப்டாப் சார்ஜர் இவற்றின் அருகே உட்கார்ந்தால் ஹம் வரத்தான் செய்யும். உட்காரும் திசையைக் கொஞ்சம் மாற்றினாலே பாதி குறைவதைக் கேட்கலாம். டிரைவைக் குறைத்து, லெவலைக் கூட்டி, ஆம்ப்பை உழைக்க விட்டால் மீதியும் பெருமளவு அடங்கும்.

வாடகை வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மூன்று முனை பிளக் பாயின்ட் சுவரில் இருக்கும். சில இடங்களில் அதன் பின்னே எர்த் வயர் இருக்காது; ஹம் கூட அதுவும் காரணமாகலாம். கம்பியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று தெரிந்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். அது ஒலியின் பிரச்சினை அல்ல, உயிரின் பிரச்சினை.

அடாப்டர்தான் முக்கியமான குற்றவாளி. கிட்டார் பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட் டிசி, அதிலும் நடுமுனை எதிர்மின் கொண்டவை. வீட்டில் கிடக்கும் ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை நேர்மின். பின் அளவு ஒன்றாக இருப்பதால் இரண்டும் பொருந்திவிடும். செருகிய நொடியில் பெடல் செத்துப்போகலாம். பழி அதன் விலை மேல் விழும். இன்னொரு தவறு, ஒரே அடாப்டரிலிருந்து கிளை வயர் இழுத்து எல்லாப் பெடல்களுக்கும் மின்சாரம் கொடுப்பது. அனலாக் ஓவர்டிரைவ் சில மில்லி ஆம்பியர் எடுக்கும்; டிஜிட்டல் டிலேயோ ரிவெர்போ நூறு மில்லி ஆம்பியரோ அதற்கு மேலோ எடுக்கும். டிஜிட்டல் பெடலின் கீச்சொலி பொது வயர் வழியாக ஓவர்டிரைவுக்குள் நுழைந்து, அங்கே நூறு மடங்காகி வெளியே வரும்.

குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரியில் பெடலை ஓட்டிப் பார்க்க வேண்டும். இரைச்சல் போய்விட்டால் பெடலில் குறை இல்லை. மினி பெடல்களில் பேட்டரிக்கு இடமிருக்காது. அதற்கு பேட்டரி கிளிப்பும் டிசி பின்னும் சேர்ந்த வயர் வேண்டும். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். அங்கே கிடைக்கும் அத்தகைய வயர்கள் பெரும்பாலும் நடுமுனை நேர்மின்னாக இருக்கும் என்பதால், இரண்டு வயரையும் இடம் மாற்றிச் சால்டர் செய்து, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே செருக வேண்டும். பெடலில் மிச்சப்படுத்திய பணத்தை, ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியே பிரிக்கப்பட்ட ஐசொலேட்டட் பவர் சப்ளையில் போடுவதுபோல் பயன்தரும் செலவு வேறில்லை. பின்னாளில் எந்தப் பெடல் வந்தாலும் அது உதவும்.

பெடல் அணைந்திருக்கும்போது ஒலியைச் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகக் கடத்தும் ட்ரூ பைபாஸ் பற்றிய குறை இரண்டு விதத்தில் தவறு. முதலாவதாக, மூவர், டானர் போன்றவற்றின் மலிவு மினி பெடல்கள் பலவற்றில் ட்ரூ பைபாஸ் இருக்கவே செய்கிறது. இரண்டாவதாக, அது எப்போதும் நன்மை அல்ல. கிட்டார் கேபிளின் கெப்பாசிடன்ஸ் மீட்டருக்குச் சுமார் 100 பிகோ ஃபாரட். ஆறு மீட்டர் உள்ளே, ஆறு மீட்டர் வெளியே என்றால் 1200. ட்ரூ பைபாஸ் பெடல்கள் எல்லாம் அணைந்திருக்கும்போது இந்த மொத்தச் சுமையும் பிக்கப் தலையில் விழுந்து மேல் ஸ்தாயியின் தெளிவு போய்விடும். பிக்கப்பைப் பின்வரும் கேபிளின் சுமையிலிருந்து பிரிக்கும் பஃபர் உள்ள ஒரு பெடல் இடையில் இருந்தால் சுமை முதல் கேபிளோடு நின்றுவிடும். பாஸ் நிறுவனம் 1977 முதல் வெளியிட்டுவரும் சிறிய பெடல்கள் பெரும்பாலும் பஃபர் கொண்டவையே. அவற்றை யாரும் மட்டம் என்று சொல்வதில்லை. பழைய பாணி ஜெர்மானியம் ஃபஸ் மட்டும் விதிவிலக்கு. அது பிக்கப்போடு நேரடியாக இணைந்தால்தான் சரியாக ஒலிக்கும். வரிசையில் முதலில் வைத்துவிட வேண்டும்.

மிக்சரில் செருகினால் காது கூசும் என்பது சென்னையில் பலரும் அறிந்த அனுபவம். தேவாலயங்களிலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் கிட்டார் ஆம்ப் வைப்பது அரிது. கிட்டார் நேராக மிக்சருக்குப் போகிறது. அங்கே ஓவர்டிரைவை மிதித்தால் கொசுக்கூட்டம்போல் ரீங்கரிக்கும். பெடல் மலிவு என்பதால் அல்ல. கிட்டார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வேகமாகக் குறைத்துவிடும்; ஓவர்டிரைவ் உண்டாக்கும் கூர்மையான மேல் அலைகள் அங்கேயே வடிகட்டப்படும். அரங்க ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் அந்த வடிகட்டல் இல்லை. உலகின் மிக விலையுயர்ந்த ஓவர்டிரைவும் அந்த மிக்சரில் அப்படித்தான் ஒலிக்கும்.

அங்கே தேவைப்படுவது ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைப் போலச்செய்யும் கேபினெட் சிமுலேஷன். அது ஜூம் ஜி1 ஃபோர் போன்ற அடக்க விலை மல்டி எஃபெக்ட்ஸ் கருவியிலேயே இருக்கிறது; கூடவே ட்யூனர், தாள இயந்திரம், லூப்பர், ஹெட்போன் வெளியீடு எல்லாம் உண்டு. மல்டி எஃபெக்ட்ஸ் விளையாட்டுப் பொருள், தனிப் பெடல்தான் கலைஞனுக்கு அழகு என்ற அறிவுரை, ஆம்ப் வைத்திருப்பவருக்கு ஓரளவு பொருந்தலாம். அடுக்குமாடி வீட்டிலும் ஆராதனை மேடையிலும் வாசிப்பவருக்கு அது நேரடியாகத் தீங்கு செய்கிறது. இந்தக் கருவிகளில் நிறுவனமே பதித்துத் தரும் ஒலிகள் கடையில் அசத்துவதற்காக ரிவெர்பும் டிலேயும் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டவை. அவற்றை விட்டுவிட்டு ஓர் ஆம்ப், ஒரு கேபினெட், சிறிது ரிவெர்ப் என்று புதிதாக அமைத்தால் கருவியின் உண்மையான தரம் வெளிப்படும்.

உடையும் என்ற குற்றச்சாட்டு மட்டும் கவனிக்கத் தக்கது. பிளாஸ்டிக் உடல், சர்க்யூட் பலகையிலேயே நேரடியாகச் சால்டர் செய்த ஜாக், தரம் குறைந்த ஃபுட் ஸ்விட்ச் ஆகிய இடங்களில்தான் மலிவு பெடல் காசை மிச்சப்படுத்துகிறது. கேபிளை யாராவது மிதித்து இழுத்தால் ஜாக்கின் சால்டர் விரிசல் விடும். வீட்டில் வாசிப்பவருக்கு இது பெரிய ஆபத்தல்ல. வாரந்தோறும் மேடையேறுபவர் உலோக உடலையும், பெட்டிச் சுவரில் நட்டு வைத்து முடுக்கிய ஜாக்கையும் பார்த்து வாங்க வேண்டும். அல்லது பழைய பாஸ் பெடலைத் தேட வேண்டும்: 1978 முதல் விற்பனையில் இருக்கும் டிஎஸ்-1ஐத்தான் கர்ட் கோபேன் மேடையில் மிதித்தார். இரண்டாம் கையில் அது மலிவு பெடல்களின் விலைக்கு அருகிலேயே வந்துவிடும்.

ஆயுளைக் குறைப்பது விலை மட்டுமல்ல, ஊரின் காற்றும்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில், கடலுக்கும் தொலைவில்லாமல் இருக்கும் வேளச்சேரியில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் அதிகம். குமிழ் கரகரப்பதும், ஜாக்கில் ஒலி விட்டுவிட்டு வருவதும் பெரும்பாலும் முனைகளில் படிந்த களிம்பினால். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துக் குமிழைப் பலமுறை திருப்பினால் சரியாகிவிடும். பயன்படுத்தாத நாட்களில் பேட்டரியைக் கழற்றி, சிலிகா ஜெல் பையுடன் மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட பகுதியில், தரைத்தள வீட்டுக்காரர் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெடல் பலகையைப் பரணில் ஏற்றிவிடலாம்.

எப்படியும் பின்னால் மாற்றத்தானே வேண்டும், முதலிலேயே நல்லதாக வாங்கினால் என்ன என்பது கடைசி வாதம். எந்த எஃபெக்ட் தேவை என்பது வாசித்துப் பார்த்த பிறகே தெரியும் என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. சுகுமார் பிரசாத், பிரசன்னா ஆகியோர் வழியில் எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை பயில்பவருக்கு டிஸ்டார்ஷன் அநேகமாகத் தேவையே இல்லை. கமகத்தின் வால் தேயாமல் நீள மென்மையான கம்ப்ரஸர் உதவும். மேற்கத்திய ராக் வாசிப்பவருக்கு ஓவர்டிரைவ் முதலில், டிலே பிறகு. ஆராதனையில் வாசிப்பவருக்கு மல்டி எஃபெக்ட்ஸ். தேவையே தெளிவாகாத நிலையில் பெருந்தொகை போட்டால் தவறும் பெருந்தொகைக்கே நடக்கும்.

அண்ணா சாலையில் 1842ஆம் ஆண்டிலிருந்து மரபு தொடரும் மியூசி மியூசிகல் போன்ற கடைக்குப் போகும்போது சொந்தக் கிட்டாரையும் சொந்தக் கேபிளையும் எடுத்துச் செல்ல வேண்டும். எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து, வீட்டில் வாசிக்கும் அதே சத்தத்தில் முதலில் கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொரு குமிழையும் மெதுவாக முழுச் சுற்றும் திருப்பிப் பார்க்க வேண்டும்: ஒலி படிப்படியாக மாறுகிறதா, கரகரக்கிறதா? ஃபுட் ஸ்விட்சைப் பத்து முறையாவது மிதித்து, ஜாக்கில் செருகிய பிளக்கை லேசாக அசைத்து, கிட்டார் வால்யூமைப் பாதியாகக் குறைத்தால் ஒலி தெளிகிறதா என்று கேட்டபின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கலாம்.