சான்றிதழும் சாட்சியமே

தொழில் நடத்தும் சகோதரர்களே! விடுமுறையில் தங்களிடம் பயிற்சி பெற ஒரு கல்லூரி மாணவர் வருகிறார் எனக் கொள்வோம். அவர் ஓர் அமானிதம். எதைக் கற்பார், யாரிடம் கற்பார், எதை முடித்துக் காட்டுவார் என்ற மூன்றையும் அவர் வருமுன்பே தீர்மானித்து விடுங்கள்.

ஆம்பூரின் தோல் ஏற்றுமதி நிறுவனத்திற்கு வணிகவியல் மாணவர் வந்தால், ஒரே ஒரு சரக்கின் ஆவணங்களை, விலைப்பட்டியல் முதல் கப்பல் ரசீது வரை, அனுபவமுள்ள எழுத்தர் ஒருவரின் துணையோடு அவரே தயாரித்துப் பழகட்டும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் அமர்ந்து, கற்றதை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள்.

தவறு செய்தால் சீறாதீர்கள். அனஸ் (ரலி) அவர்கள் சிறு வயது முதல் 10 ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒருமுறையேனும் அண்ணலார் தம்மைச் 'சீ' என்று சொன்னதில்லை என அறிவித்தார்கள்.

தேநீர் வாங்கவும் நகலெடுக்கவும் மட்டுமே அனுப்பிவிட்டு, இறுதி நாளில் "நன்கு பயிற்சி பெற்றார்" எனக் கையொப்பமிடுகிறோமே, அது என்ன? பொய்ச்சாட்சி பெரும்பாவம் என்பதை நாம் அறியாதவர்களா? அத்தாளை நம்பி வேலைக்குச் செல்லும் பிள்ளை முதல் நாளே திகைத்து நிற்கும்.

கற்பியுங்கள், பிறகு கையொப்பமிடுங்கள். அல்லாஹ் தங்கள் தொழிலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.