ஏ40 வீட்டுப் பிள்ளை எழுதும் மடல்

ஊரிலுள்ள பெரியவர்களுக்கும், சனசமூக நிலையத்து இளைஞர்களுக்கும், என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலை எழுத வைத்தவன் என் அண்ணாவின் மகன். லீசிங்கில் கார் எடுக்கப் போவதாகச் சொல்லிப் படங்கள் அனுப்பியிருந்தான். எல்லாம் வெளிநாட்டிலிருக்கும் எங்கள் சொந்தக்காரர் தங்கள் கார்களுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தவை. "இதில எது நல்லது மாமி? நீங்கள் மட்டும் ஏன் கொரொல்லாவிலேயே நிக்கிறியள்?" என்று கேட்டான். தொலைபேசியில் நான் சொன்ன பதில் அவனுக்குப் போதவில்லை. இதே கேள்வி ஊரில் இன்னும் பல பிள்ளைகளிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஒருவருக்கு எந்த வாகனம் பிடிக்கும் என்பதை அவர் கையில் காசு வருமுன்னரே வீடு முடிவு செய்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அந்த முடிவு அப்பப்பா காலத்தில் நடந்தது. 1957இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்ததும், யாழ்ப்பாணத்தில் அதன்மேல் தார் பூசியதும், தமிழ் ஸ்ரீ எழுதி ஓடியதும் பெரியவர்களுக்குத் தெரியும். அப்பப்பா புதுக் கார் வாங்கக் காசு சேர்த்து வைத்திருந்தார். அந்தத் தகடு தன் வீட்டு முற்றத்துக்கு வரக்கூடாது என்பதற்காகவே, ஆங்கில எழுத்துத் தகட்டோடு ஓடிய ஒரு பழைய காரைத் தேடி வாங்கினார். அதுதான் ஒஸ்ரின் ஏ40 சோமசெற். இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட வகை. 1200 சிசி என்ஜின், முன்னுக்கு நீளச் சீற், ஸ்ரியரிங் தண்டிலேயே கியர், திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து எழும்பும் கைகாட்டி. 'ஏ40 வீட்டுக்காரர்' என்று நீங்கள் எங்களைச் சொல்லத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி முடங்கியது. 1977க்குப் பிறகுதான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்ள காரை வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கிடைக்காத சாமானைக் கடைசல் பட்டறையில் செய்வித்துப் பூட்டினார்கள். அந்தக் காலத்தில் கார் பழகிய என் அப்பாவுக்கு, நல்ல கார் என்றால் திறந்து பார்த்தால் விளங்குகிற கார். அவர் அதை ஹயருக்கு ஓடித்தான் எங்களைப் படிப்பித்தார்.

1990 ஜூனில் சண்டை திரும்பவும் மூண்ட பிறகு வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. வாகனங்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. இதை இன்றைய பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. ஆறின என்ஜினில் பற்றாது. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, ஸ்ராட் செய்து, என்ஜின் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு விடலாம். ஏ40இன் அமுக்க விகிதம் 7.2க்கு 1. இன்றைய கார்கள் பலவற்றில் அது 10க்கும் மேல். அமுக்கம் குறைவு என்பதால்தான் அந்தப் பழைய என்ஜின்கள் மட்டமான எரிபொருளையும் தாங்கி ஓடின. என்றாலும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலோடு கலக்கும். அப்பா கம்பியை இழுத்து, ஒயிலை விரலில் தேய்த்து, மணந்து பார்ப்பார். நீர்த்திருந்தால் அன்றைக்கு ஹயர் இல்லை.

அப்பா முன்னால் நின்று ஹாண்டில் சுற்ற, பொனற்றுக்குக் கீழே துளி விடுவது என் வேலை. அதிகம் விட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். குறைய விட்டால் அவர் கை நோகும். என்ஜின் பிடிக்கிற அந்தக் கணத்துச் சத்தத்தை இன்றும் என்னால் பிரித்தறிய முடியும். பெண் பிள்ளையை இதற்கு விடலாமா என்று அம்மம்மா கேட்டதுண்டு. "இவளுக்குத்தான் கை நடுங்காது" என்றார் அப்பா. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேலான ஒன்று இல்லை.

அந்தக் கார் யாரையெல்லாம் ஏற்றியது என்று உங்களுக்கே தெரியும். இரவில் நோக்கண்ட பெண்களை, ஷெல் விழுந்து காயப்பட்டவர்களை, தாலிகட்டு முடிந்த மாப்பிள்ளை பெண்ணை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தைப் பார்த்து நடந்தபோது, அதற்குள் இருந்தவர்கள் நடக்க ஏலாத அயலட்டைக் கிழவிகள். அம்மாவும் நாங்களும் நடந்தோம். சனம் நெரிந்து நகர்கிற வேகத்தில் காற்றுப்படாமல் ரேடியேற்றர் கொதித்தது. அப்பா என்ஜினை நிறுத்தினார். முன்பின் அறியாத பெடியன்கள் தள்ளினார்கள். அந்தப் பெடியன்களில் யாராவது இதை வாசித்தால், என் வணக்கம் உங்களுக்கு.

ஒரே கார் எல்லோருக்கும் ஒரே ரசனையைத் தந்துவிடுவதில்லை. என் தம்பிக்கு மண்ணெண்ணெய்ப் புகை ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு பயணத்திலும் சத்தி எடுப்பான். பாரிசில் அவன் வாங்கியது மின்சாரக் கார். சுற்றுச்சூழல் என்று மற்றவர்களுக்கு விளக்கம் சொல்வான்; எனக்குக் காரணம் தெரியும், அதில் மணமில்லை. பெரியப்பாவின் மகள் கதை இன்னும் வியப்பு. வாத்தியாரான பெரியப்பா வைத்திருந்தது மொறிஸ் மைனர். 1948இல் வெளிவந்து, பிரித்தானியக் கார்களில் முதன்முதலாகப் பத்து இலட்சத்தைத் தொட்டது அது. அவள் லண்டனுக்குப் போய் ஆசைப்பட்டு வாங்கியது மினி. மொறிஸ் மைனரையும் 1959இல் வந்த முதல் மினியையும் வடிவமைத்தவர் ஒருவரே, அலெக் இசிகோனிஸ். அது தெரியாமல்தான் வாங்கினாள். சிறுவயதில் பழகிய கண் தானாகவே அந்தப் பக்கம் போயிருக்கிறது.

நான் ரொறொன்ரோவில் முதல் கார் வாங்கியபோது அப்பா தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: "சாமான் சுகமாக் கிடைக்குமோ?" அந்த நாளில் கொரொல்லாவை ஒன்ராறியோவிலேயே, கேம்பிரிட்ஜ் என்ற ஊரில் செய்தார்கள். 1988 முதல் 2019 வரை அங்கே செய்தார்கள். சாமான் எந்தக் கடையிலும் இருக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். நான் கொரொல்லாவிலேயே நிற்பதற்குக் காரணம் சிக்கனம் என்று மருமகன் நினைக்கிறான். அப்பாவின் கேள்விக்கு இன்றும் 'ஓம்' சொல்லக்கூடிய காரைத்தான் நான் தேடுகிறேன். என் மகளோ தமிழ் வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் மினிவானில் போய் வளர்ந்தவள். மினிவானே வேண்டாம் என்கிறாள். ஆனால் எந்தக் காரைப் பார்த்தாலும் பின் சீற்றில் எத்தனை பேர் இருக்கலாம் என்றுதான் முதலில் பார்க்கிறாள்.

இப்போது நாங்கள் அனுப்பும் படங்களுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இங்கே பலருக்குக் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. இரவு வேலை முடிந்து வரும்போது பஸ்ஸை நம்ப முடியாத இடங்கள் உண்டு. படத்தில் மின்னுகிற வாகனங்கள் பல மாதத் தவணையில் நிற்பவை. காப்புறுதி கட்டாயம், ஒன்ராறியோவில் அது பெருஞ்செலவு. பனிக்காலத்தில் வீதிக்குக் கொட்டும் உப்பு காரின் அடித்தகட்டைத் தின்னும். இதெல்லாம் படத்தில் தெரியாது. எங்களுடைய ரசனை எங்களை ஏற்றிய கார்களால் வந்தது. ஊர்ப் பிள்ளைகளுடைய ரசனையோ அவர்கள் ஒருநாளும் ஏறியிராத கார்களின் படங்களால் வந்துகொண்டிருக்கிறது. அது எனக்குப் பெரிய கவலை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். அந்த விலையில், அந்த வட்டியில், ஒரு படத்தைப் பார்த்துக் கையெழுத்து வைக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும்?

பழைய காரை வாங்கி ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏ40இல் சீற் பெல்ற் இல்லை. அதன் பிரேக்கை நம்பி இன்றைய ஏ9 வீதியில் ஒரு பிள்ளையையும் நான் ஏற்ற மாட்டேன். என் மருமகனுக்கு நான் சொல்வது இதுதான்: கையெழுத்து வைக்குமுன் உன் அப்பாவை முன் சீற்றில் இருத்தி அந்தக் காரை ஓடிப் பார். சாமான் எங்கே கிடைக்கும், யார் திருத்துவார், உன் அம்மம்மாவால் ஏறி இறங்க ஏலுமா என்று கேள். பிறகு உனக்குப் பிடித்ததை எடு. எந்த நிறம் என்றாலும் எனக்குச் சம்மதம்.

சித்தப்பாவுக்குத் தனியாக ஒன்று. தகரக் கொட்டிலில் நிற்கும் எங்கள் ஏ40ஐக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து விலை கேட்டதாக அறிந்தேன். அவர் சொன்ன விலையை நான் தருகிறேன், விற்க வேண்டாம். ரயர், வயரிங் செலவும் என்னுடையது. சனசமூக நிலையத்துக்குப் பின்னால் இடம் தந்தால் அங்கே நிறுத்தலாம். ஹயர் கார் ஓடிய ஐயாமார் இருவர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். மண்ணெண்ணெயில் எப்படி ஓடினோம் என்பதைப் பொனற்றைத் திறந்து வைத்தே அவர்கள் காட்டிக் கொடுக்கட்டும். பழக வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் பெண் பிள்ளைகளாக இருக்க வேண்டும். காசு அனுப்புவதற்கு நான் வைக்கும் நிபந்தனை அது ஒன்றுதான். ஓம் என்றால் இந்தக் கிழமைக்குள் அண்ணாவிடம் சொல்லிவிடுங்கோ.

உங்கள் ஊர்ப்பிள்ளை,
ஸ்காபரோ, ரொறொன்ரோ