எத்தனை நாளைக்கு?

எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அதற்கு வியாதி, தீராத வியாதி. இது தெரிந்த நாள் முதல் நண்பர்களும் உறவினர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எத்தனை நாளைக்கு சார்?" இந்தக் கேள்வியில் துக்கம் இருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். இதில் இருப்பது கணக்கு. இன்னும் இத்தனை நாள், அதற்கு இத்தனை ரூபாய், கட்டுபடியாகுமா என்கிற கணக்கு. மளிகைக் கடையில் போட வேண்டிய கணக்கை ஓர் உயிரின் முன்னால் உட்கார்ந்து போடுகிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

முதலில் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். பூனை லுகேமியா என்பது பெயர். பெயரைக் கேட்டதும் ரத்தப் புற்றுநோய் என்று தமிழ்ப்படுத்திக்கொண்டு பயப்படுகிறோம். அடிப்படையில் இது ஒரு வைரஸ். 1964-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜாரெட் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்தார்கள். இது புற்றையும் உண்டாக்கும், ரத்தத்தைச் சுண்டவைக்கும், மற்ற நோய்களை எதிர்க்கும் சக்தியையும் குறைக்கும். குடியிருப்பது எச்சிலில். பூனைகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுப்பதாலும், ஒரே தட்டில் தின்பதாலும், கடித்துக்கொள்வதாலும், தாயிடமிருந்து குட்டிக்கும் பரவுகிறது. சண்டையைவிடச் சிநேகத்தால்தான் அதிகம் பரவுகிறது என்பது இந்த வியாதியின் கொடுமை. மனிதனுக்கு வராது. நாய்க்கும் வராது. குழந்தை இருக்கிற வீடாயிற்றே என்று பயமுறுத்த வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வரலாம்.

ஒரு தடவை ரத்தம் பார்த்து 'இருக்கிறது' என்று வந்தவுடன் தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. சில பூனைகளின் உடம்பு வைரஸை அடக்கிவிடும். அதனால் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். எங்கள் சுப்புவுக்கு இரண்டு தடவையும் 'இருக்கிறது' என்றே வந்தது. அடக்க முடியாத பூனைகளில் பல, கண்டுபிடித்த இரண்டரை மூன்று வருஷத்துக்குள் போய்விடுகின்றன. அதைத் தாண்டி நன்றாக இருப்பவையும் உண்டு.

சுப்பு மழைநீர்க் கால்வாயிலிருந்து வந்தவன். (பூனையை 'அவன்' என்று எழுத இலக்கணம் இடம் தராது, எங்கள் வீடு தந்துவிட்டது.) இரண்டாவது பரிசோதனை முடிந்ததும் ஒரு மருத்துவர் சொன்னார்: "ஊசி போட்டு முடித்துவிடலாம். தெருப் பூனைதானே?"

இந்தத் 'தானே' இருக்கிறதே, இரண்டே எழுத்து. எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது! விலை கொடுத்து வாங்கிய பாரசீகப் பூனையாக இருந்தால் இந்த இரண்டெழுத்து வாயில் வந்திருக்குமா? வைரஸ் ஒன்று, வலி ஒன்று, ஆயுள் ஒன்று. பிறந்த இடம் மட்டும் வேறு. பிறந்த இடத்தைப் பார்த்து உயிருக்கு விலை போடுகிற பழக்கம் நமக்குப் பூனையிடத்திலா ஆரம்பித்தது?

கருணையால் கொல்வது என்று ஒன்று உண்டு. அதை நான் மறுக்கவில்லை. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில், பிழைக்க வழியில்லாமல் துடித்துக்கொண்டிருந்த ஒரு கன்றுக்கு ஊசி போடக் காந்தி சம்மதித்தார். நாடே அவரைத் திட்டியது. நான் அவர் கட்சி. ஆனால் அந்தக் கன்று வேதனையில் கிடந்தது. எங்கள் சுப்பு பீரோவின் மேல், தலையணை உறைகளின் மத்தியில் கிடக்கிறான். அவனுக்கு ஊசி போடுவது கருணை அல்ல, சௌகரியம். பூனை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் 2020-ல் வெளியிட்ட நெறிமுறையும், தொற்று இருக்கிறது என்கிற ஒரே காரணத்துக்காகப் பூனையைக் கொல்லக் கூடாது என்கிறது. வலி வந்து, மருந்து தோற்று, அவனே சோற்றை மறுக்கும் நாள் ஒன்று வந்தால் அன்றைக்கு நானே தூக்கிக்கொண்டு போவேன். அந்த நாள் இன்னும் வரவில்லை. வராத நாளுக்காக இன்றைக்கே சாகச் சொல்கிறார்கள்.

"மீன் மார்க்கெட்டில் விட்டுவிடேன், பிழைத்துக்கொள்ளும்" என்று புண்ணியம் தேடுகிறவர்களும் உண்டு. பட்டினி கிடந்து அவதிப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் வாதாடியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திரத்தைப் பற்றிப் பெருமையடிக்கிற நாம் அவருடைய இந்தக் காரியத்தை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டோம்.

அடுத்தது, ஏழைக் குழந்தைகள். "ஊரில் குழந்தைகள் பட்டினி கிடக்க, பூனைக்கு வைத்தியமா?" நான் திருப்பிக் கேட்கிறேன்: நீங்கள் பூனைக்குச் செலவழிக்காத பணம் எந்தக் குழந்தைக்குப் போயிற்று? சுப்புவின் மாதச் செலவு, மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் உட்கார்ந்து எழுந்திருக்கிற தொகை. ஓட்டலில் உங்களுக்கு அந்தக் குழந்தைகள் ஞாபகத்துக்கு வந்ததில்லை.

"வாயில்லா ஜீவனை வீட்டுக்குள் அடைத்து வைக்கலாமா?" என்கிற கேள்விக்கு மட்டும் நான் மரியாதை தருவேன். கேட்பவர்கள் நல்லவர்கள். ஆனால் வெளியே விட்டால் அவன் தெருவிலுள்ள குட்டிகளுக்கெல்லாம் இதைக் கொடுத்துவிட்டு வருவான். அவற்றின் வியாதியை இவன் வாங்கிக்கொண்டு வருவான். எதிர்க்கும் சக்தி இல்லாதவன். ஆகவே ஜன்னலுக்குக் கம்பிவலை. குடும்பக் கட்டுப்பாடு ஆயிற்று. பச்சை மீன், பச்சை இறைச்சி கிடையாது; எல்லாம் வேகவைத்ததுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தமும் எடையும் பார்க்கிறோம்.

சிறைதானே என்பீர்கள். அந்தச் சிறைவாசம் எப்படி நடக்கிறது தெரியுமா? காலையில் பால் பாக்கெட் வரும் சப்தத்துக்கு எழுந்து என் மனைவியின் காலைச் சுற்றுகிறான். எட்டு மணிக்கு ஜன்னலில் காக்கை வரும். இருவருக்கும் தீராத வழக்கு. மத்தியானம் நான் எழுத உட்கார்ந்தால் எழுதிய பக்கத்தின் மேல்தான் உட்காருவான்; எழுதாத பக்கத்தின்மேல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. (விமரிசகர்கள் கவனிக்கவும்.) வெயில் தரையில் நகர நகர அவனும் நகர்ந்து சாயங்காலம் அடுக்களை வாசலுக்கு வந்து சேர்கிறான். தனக்கு எத்தனை நாள் என்று அவன் எண்ணுவதில்லை. எண்ணுகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற விருந்தாளிகள்தாம்.

வீட்டில் ஏற்கெனவே பூனை வைத்திருப்பவர்கள் தெருவில் எடுத்ததை அதனோடு சேர்ப்பதற்கு முன் சில சொட்டு ரத்தம் பார்த்துவிட வேண்டும். 'இருக்கிறது' என்று வந்தால் தனி அறை, தனித் தட்டு, தனி மண் தொட்டி. அதற்கு இடமில்லை என்றால், இதே வியாதியுள்ள பூனை வளர்கிற வீடாகப் பார்த்துக் கொடுக்கலாம். அங்கே இரண்டும் ஒரே தட்டில் தின்னலாம்.