ஏமாந்தவங்களைப் பார்த்து சிரிக்கிறவங்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. படிச்சு முடிச்சிட்டு எங்களைத் திட்டணும்னா திட்டுங்க.

போன்ல பேசி பணம் பறிக்கிற கும்பலுக்கு இன்னிக்கு பெரிய துணையா இருக்கிறது நம்ம வாய்தான். இதைச் சொல்ல எங்களுக்கும் சங்கடமாத்தான் இருக்கு, ஆனா சொல்லித்தான் ஆகணும்.

நம்ம ஆலயத்துக்கு வர்ற ஒரு அம்மா, இ.பி.எஃப். பணத்துல பெரிய பகுதியை இப்படி இழந்துட்டாங்க. யாரு, எவ்வளவுன்னு எழுத மாட்டோம். நீங்களும் கேட்காதீங்க. பணம் போய் நாலு நாள் கழிச்சுத்தான் எங்ககிட்ட சொன்னாங்க. ஏம்மா இவ்வளவு நாள் சொல்லலைன்னு கேட்டோம். "போன தடவை ஒருத்தர் ஏமாந்தப்போ குழுவில எல்லாரும் என்ன எழுதுனாங்கன்னு நானும் படிச்சேனே தம்பி" அப்படின்னாங்க.

என்ன எழுதுனோம்? "பேராசை பெரு நஷ்டம்." "இந்தக் காலத்துல இப்படியும் ஒரு ஆளா?" "நம்பரைப் பார்த்தாலே தெரியாதா?" கூடவே பத்து சிரிக்கிற பொம்மை. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல பேராசை. முதலீட்டு மோசடியில ஆசை காட்டுவாங்க, உண்மை. ஆனா நம்ம நாட்டுல மக்காவ் ஸ்கேம்னு சொல்றாங்களே, அது ஓடுறது பயத்துல. முதல் ஆள் கூரியர் கம்பெனின்னு பேசுவான், இல்ல வருமான வரின்னு பேசுவான். உங்க பேர்ல ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு, உங்க ஐ.சி. நம்பர்ல ஒரு கேஸ் இருக்கும்பான். நாம பதறும்போதே "போலிசுக்கு லைன் மாத்துறேன்" னு அடுத்த ஆளுக்குக் கொடுப்பான். அவன் வேற மாநிலத்து இன்ஸ்பெக்டராம். சில சமயம் வீடியோவில யூனிஃபார்மோட வருவான். கைது பண்ணப் போறோம், கணக்கை முடக்கப் போறோம், விசாரணை முடியுற வரைக்கும் பணத்தை இந்தப் பாதுகாப்பான கணக்குக்கு மாத்துங்கன்னு சொல்வான். முக்கியமா ஒண்ணு சொல்வான்: "இது ரகசிய விசாரணை. புருஷன், பிள்ளை யாருக்கும் சொல்லக்கூடாது."

இதுல பேராசை எங்க இருக்கு? போலிஸ்னா பயந்து, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த மனுஷங்கதான் இதுல மாட்டுறாங்க. அந்த பயம் நம்ம பாட்டன் காலத்து தோட்டத்துல இருந்து நம்ம ரத்தத்துல ஊறினது.

அடுத்து படிப்பு. ஓய்வு பெற்ற ஆசிரியர், டாக்டர், கம்பெனி நடத்துறவங்க ஏமாந்த செய்தி பத்திரிகையில எத்தனை தடவை வந்திருக்கு! படிப்பு இருந்தா தப்பிக்கலாம்னா அவங்க ஏன் மாட்டுனாங்க? "நான் மாட்ட மாட்டேன்" னு நினைக்கிற ஆளும் நல்லா மாட்டுவார், அவ்வளவுதான்.

மூணாவது, நம்பர். இங்கதான் நிறைய பேர் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்கோம். திரையில காட்டுற நம்பரையே இணைய போன் வழியா மாத்திக் காட்ட முடியும். உண்மையான பாலாய் நம்பரே திரையில விழலாம். ட்ரூகாலர் மாதிரி செயலி காட்டுற பேரும் மத்தவங்க சேமிச்சு வச்ச பேரா இருக்கலாம், அந்த ஆளே போட்டுக்கிட்ட பேராவும் இருக்கலாம். போலிசோட செமாக் மியூல் பக்கத்துல போன் நம்பரையும் பேங்க் கணக்கையும் தட்டிப் பார்க்கலாம். பணம் அனுப்புறதுக்கு முன்னாடி கண்டிப்பா பாருங்க. ஆனா அதுல ஏற்கனவே புகார் வந்த நம்பர்தான் இருக்கும். நேத்து சிம் வாங்கினவன் நம்பர் சுத்தமாத்தான் தெரியும்.

அதனால யார் கூப்பிடுறான்னு கண்டுபிடிக்கிற வேலையே நமக்கு வேண்டாம். போனை வைங்க. மரியாதைக் குறைவுன்னு நினைக்காதீங்க. பேங்க் கார்டுக்குப் பின்னால இருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க. போலிஸ்னா பக்கத்துல இருக்கிற பாலாய்க்கு நேர்ல போங்க. உண்மையான அதிகாரி நீங்க போனை வச்சதுக்காக கோபப்பட மாட்டார். எந்த போலிசும், எந்த பேங்க்கும், பேங்க் நெகாராவும் உங்க பணத்தை இன்னொருத்தர் கணக்குல போடச் சொல்லாது. வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னு ஏ.பி.கே. கோப்பு வந்தா திறக்காதீங்க. குழுவில தெரிஞ்ச அக்காவே "ஆறு இலக்க நம்பர் தவறி உங்களுக்கு வந்துடுச்சு, அனுப்புங்க" ன்னு கேட்டாலும் கொடுக்காதீங்க. கொடுத்தா உங்க வாட்ஸ்அப் அவன் கைக்குப் போயிடும். அப்புறம் உங்க பேர்ல எல்லார்கிட்டயும் கடன் கேட்பான்.

இப்ப விஷயத்துக்கு வர்றோம். எங்கள்ல சில பேர் ஃபேக்டரியில சூப்பர்வைசர் வேலை பார்க்கிறோம். மெஷின்ல கை மாட்டப் பார்த்து தப்பிச்ச பையனை எல்லார் முன்னாலயும் "கண்ணு எங்க வச்சிருந்த?" ன்னு திட்டினா என்ன ஆகும் தெரியுமா? அடுத்த ஷிப்ட்ல தப்பிச்சவன் வாயே திறக்க மாட்டான். கார்டு கழண்ட அந்த மெஷின் அப்படியே ஓடும். மூணாவது ஆளுக்கு விரல் போகும். அதனாலதான் நல்ல லைன்ல முதல்ல மெஷினை நிறுத்துவாங்க, ஆளைப் பார்ப்பாங்க, என்ன நடந்துச்சுன்னு எழுதுவாங்க. திட்டு எல்லாம் அப்புறம். இந்த அறிவு ஃபேக்டரியில இருக்கு, ஆலயத்துல நமக்கு ஏன் இல்லை?

ஏன்னா இதுல நேரம்தான் எல்லாம். பணம் ஒரு கணக்குல உட்கார்ந்திருக்காது. நிமிஷக் கணக்குல இன்னொரு கணக்கு, அதுக்கடுத்த கணக்குன்னு ஓடும். அதைத் துரத்திப் பிடிக்கத்தான் 2022 அக்டோபர்ல 997 அப்படிங்கிற எண்ணோட தேசிய மோசடி எதிர்வினை மையத்தைத் தொடங்கினாங்க. பணம் போனது தெரிஞ்ச அந்த நிமிஷமே 997, இல்லன்னா உங்க பேங்க்கோட அவசர எண். அதுக்கப்புறம் பாலாய்ல ரிப்போர்ட். வெக்கப்பட்டு நாலு நாள் அழுதுட்டு கூப்பிட்டா துரத்துறதுக்கு என்ன மிஞ்சும்? "யாருக்கும் சொல்லாதே" ன்னு திருடன் சொன்னான். பணம் போனதுக்கு அப்புறமும் அந்த வாயைக் கட்டி வச்சது நம்ம சிரிப்பு.

இன்னொண்ணும் கேட்கணும். ஏமாந்தவரைத் திட்டுற இதே நாக்கு, சில நூறு வெள்ளிக்கு ஏ.டி.எம். கார்டை வாடகைக்கு விடுற பையனைக் கண்டா ஏன் மடங்கிப் போகுது? கழுதைக் கணக்குன்னு சொல்றது அதைத்தான். திருடின பணம் ஓடுற பாதையே அந்தக் கார்டுதான். சட்டப்படி குற்றம், உள்ளே போக வேண்டியும் வரலாம். நம்ம தாமான்லயும் இது நடக்குது. "பாவம், சின்னப் பையன், தெரியாம கொடுத்துட்டான்" னு அங்க மட்டும் இரக்கம் வருது. அந்த இரக்கத்துல பாதியை பணம் போன அம்மாவுக்குக் கொடுத்தா என்ன?

பேச்சோட நிறுத்த மாட்டோம். நிர்வாகத்துக்கு நாங்க வைக்கிற கோரிக்கை நாலு.

1. உபயகாரர் பட்டியல்ல முழுப் பேரோட போன் நம்பரையும் போட்டு ஒட்டுறதை, ஃபேஸ்புக்ல ஏத்துறதை நிறுத்துங்க. திருடனுக்கு நாமளே டைரி எழுதிக் கொடுக்கிறோம்.

2. நன்கொடை ஆலயத்தோட பதிவு பெற்ற பேர்ல இருக்கிற கணக்குக்கு மட்டும். கியூ.ஆர். ஸ்கேன் பண்ணினா தனி ஆள் பேர் வந்தா யாரும் அனுப்ப வேண்டாம், எங்க பேரா இருந்தாலும் சரி.

3. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் 997 பத்திச் சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க. வயசானவங்க அங்கதான் இருக்காங்க.

4. ஏமாந்தவங்க கூட பேங்குக்கும் பாலாய்க்கும் போக தொண்டூழியர்கள் ரெண்டு பேர் தயார். மலாய்ல பேசத் தடுமாறுறவங்களுக்கு நாங்க பேசுறோம். விஷயம் வெளியே போகாது.

அன்பர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த தடவை குழுவில யாராவது "என் பணம் போச்சு" ன்னு எழுதினா, "எப்படி ஏமாந்தீங்க?" ன்னு கேட்காதீங்க. "997 கூப்பிட்டீங்களா?" ன்னு கேளுங்க.

அன்னதானத்துல பசியோட வர்றவர்கிட்ட ஏன் பசிக்குதுன்னு நாம கேட்கிறதில்லை. இலையைப் போடுறோம். இதுவும் அதே தொண்டுதான்.

வீட்டுல இருக்கிற அப்பா அம்மாவுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. பகிருங்க.

திருச்சிற்றம்பலம்.
ஆலயத் தொண்டூழியர்கள்